நாலு பக்கத்தை எழுதுறீங்க, குறுக்களவு எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வாசகர் பகுதியில கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் எழுதியிருந்தார், ஸ்கூல்ல படிச்ச சூத்திரம் எல்லாம் பரீட்சையோட முடிஞ்சு போச்சு, வாழ்க்கைக்கு கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும், மிச்சத்துக்கு போன் இருக்குன்னு. போன் இருக்குறது வாஸ்தவம்தான், ஆனா போன்ல எந்த நம்பரை எதால பெருக்கணும்னு யார் சொல்றாங்க? பெரும்பாலும் நமக்கு எதிர்ல உக்காந்து விக்குறவரோ கடன் குடுக்குறவரோதான் சொல்றார், நாமளும் அதை அப்படியே தட்டிப் பார்த்துட்டு "கரெக்டா வருது"ன்னு தலையாட்டிட்டு வந்துடுறோம். நான் ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன், காலையில கதவைத் தொறந்தா கொத்தனார், ஆசாரி, லாரி டிரைவர், வீடு கட்டுறவங்கன்னு வந்துக்கிட்டே இருப்பாங்க, எல்லார் பேச்சுலயும் ஏதோ ஒரு சூத்திரம் இருக்கும், அதுல பாதி தோராயம். தோராயம் தப்பில்ல, தொழிலுக்கு அது வேணும். அந்தத் தோராயம் யார் பக்கம் சாயுதுங்கிறதுதான் என் கேள்வி, அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாயிடும், பொறுத்துக்கங்க.

முதல்ல மனை. நம்ம ஊர்ப்பக்கம் பழைய பத்திரம் எதை எடுத்தாலும் சொத்து விவரத்துல இப்படித்தான் இருக்கும்: நான்கெல்லைக்குட்பட்ட இடத்துல கிழமேலடி (கிழக்கு மேற்கு நீளம்) வடபுறம் 40, தென்புறம் 40, தென்வடலடி (தெற்கு வடக்கு நீளம்) மேல்புறம் 60, கீழ்புறம் 60, ஆக 2400 சதுரடி. எதிரெதிர் பக்கம் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கிட்டு, அந்தப் பக்கமும் அதே மாதிரி பண்ணி, ரெண்டையும் பெருக்குறது. 2400ன்னா ஒரு கிரவுண்ட், சென்ட் கணக்குல அஞ்சரை சென்ட் (ஒரு சென்ட் 435.6 சதுரடி). படிச்சுப் பார்த்தா எந்தக் குறையும் தெரியாது.

ஆனா ஒரு விஷயம், நாலு பக்கத்தோட நீளம் தெரிஞ்சா மட்டும் ஒரு இடத்தோட பரப்பளவு தெரியாது சார். நாலு ரீப்பரை, அதான் மெல்லிசான மரக்கட்டையை, எடுத்து மூலைக்கு ஒத்தை ஆணி அடிச்சு ஒரு சட்டம் பண்ணிப் பாருங்க, ஒரு முக்கைப் புடிச்சு லேசா தள்ளினா சட்டம் அப்படியே சாயும், நாலு பக்கமும் அதே நீளம்தான் இருக்கும் ஆனா உள்ள இருக்குற இடம் குறைஞ்சுக்கிட்டே போகும், முழுசா சாய்ச்சா ஒண்ணுமே இருக்காது. அதனாலதான் ஆசாரி குறுக்க ஒரு கட்டை அடிக்கிறார். பத்திரத்துல அந்தக் குறுக்குக் கட்டை இல்ல, அதாவது ஒரு மூலையிலேர்ந்து எதிர் மூலைக்கு எவ்வளவுங்கிற குறுக்களவை எங்கயும் எழுதுறதில்ல.

அதே 40க்கு 60 மனையையே எடுத்துக்குவோம். நாலு முக்கும் சரியான மட்டத்துல, அதாவது 90 டிகிரியில, இருந்தா குறுக்களவு 72 அடி ஒரு இஞ்சுக்கு மேல வரணும், 40ஐ 40ஆலயும் 60ஐ 60ஆலயும் பெருக்கி கூட்டினா 5200, அதோட ரூட். இப்ப டேப் புடிச்சுப் பார்த்தா அது 60 அடிதான் வருதுன்னு வைங்க. இடம் ரெண்டு முக்கோணமா பிரிஞ்சுடுச்சு, ஒவ்வொண்ணும் 40, 60, 60. மூணையும் கூட்டினா 160, பாதி 80. 80லேர்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிச்சா 40, 20, 20. இந்த நாலு நம்பரையும், 80, 40, 20, 20, பெருக்கினா 12,80,000, ரூட் போட்டா 1131 சொச்சம், ரெண்டு முக்கோணத்துக்கு 2263 சதுரடி. பத்திரத்துல 2400, தரையில 2263. 137 சதுரடி எங்க போச்சு? எங்கயும் போகல, அது எப்பவுமே அங்க இல்ல. சதுரடி 2,000 ரூபான்னு வெச்சாலே 2,74,000 ரூபா, எங்க ஊர்ல இந்தக் காசுக்கு ஒரு நல்ல பாத்ரூமோட சமையலறையும் சேர்த்து முடிச்சுடலாம்.

இதுக்காக எல்லாரும் பயந்துட வேணாம். குறுக்களவு 70 வந்தா வித்தியாசம் வெறும் 5 சதுரடிதான், விட்டுடலாம். 65 வந்தா 50 சதுரடி. அதுக்கும் கீழ போகப் போக கடகடன்னு குறையும். அதனால கண்ணுக்கு லேசா சாய்ஞ்ச மாதிரி இருக்குற மனையில ரொம்ப அலட்டிக்க வேணாம், நல்லாவே சாய்ஞ்ச மனையிலதான் கவனிக்கணும், ஆனா சுத்தி முள்ளுச்செடி, மேடு பள்ளம்னு இருக்குற இடத்துல சாய்வு எவ்வளவுன்னு கண்ணுக்கு எங்க தெரியுது.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா இந்த சராசரி முறை ஒரு நாளும் குறைச்சுக் காட்டாது. நாலு முக்கும் மட்டமா இருந்தா சரியா காட்டும், இல்லன்னா கூட்டித்தான் காட்டும். அப்ப நஷ்டம் எப்பவும் வாங்குறவருக்குத்தான். இது நம்ம ஊர் புரோக்கர் கண்டுபிடிச்ச தந்திரம்னு நினைச்சுடாதீங்க, எகிப்துல எட்ஃபு கோயில் சுவத்துல வெட்டி வெச்சிருக்குற நிலக் கணக்கே இந்த முறையிலதான் இருக்கு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம நாட்டுல பிரம்மகுப்தர்ங்கிற கணித அறிஞர் கி.பி. 628லயே இதை எழுதி இது தோராயமான பரப்பு, துல்லியமானது வேற இருக்குன்னு பிரிச்சுக் காட்டிட்டார். நான் மேல போட்ட முக்கோணக் கணக்கு அலெக்சாண்டிரியாவுல இருந்த ஹெரான்ங்கிற பழைய காலத்து கணித அறிஞரோடது, நம்ம ஒன்பதாம் வகுப்பு புக்குல அளவியல் பாடத்துல அப்படியே இருக்கு, நாற்கரத்தை ரெண்டு முக்கோணமா பிரிச்சுப் போடுறதும் அதுலயே இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணு அதை மனப்பாடமா சொல்லும், ஆனா தாத்தா பத்திரத்தை எடுத்துக் குடுத்து இதுல போட்டுப் பாருன்னா முழிக்கும், ஏன்னா அதுல குறுக்களவே கிடையாது.

சிரிப்பு என்னன்னா அதே மனையில வீடு கட்ட வர்ற கொத்தனார் முதல் வேலையா குறுக்கத்தான் அளப்பார். மூலமட்டம், அதான் 90 டிகிரி பார்க்குற எல் மாதிரி கருவி, வெச்சுப் பார்ப்பார், அது சின்னது, தூரம் போகப் போக பிசகும்னு ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து ரெண்டு முனைக்கும் நடுவுல 5 அடி வருதான்னு நூல் புடிப்பார், பெரிய ரூம்னா 6, 8, 10. அப்புறம் மூலைக்கு மூலை ரெண்டு குறுக்கும் சமமா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கடக்கால் தோண்டவே விடுவார். அவர்ல பல பேர் ஸ்கூல் பக்கமே அதிகம் போனதில்ல. அஞ்சு லட்சம் ரூபா சுவருக்கு குறுக்களவு பார்க்குற நாம அம்பது லட்சம் ரூபா மண்ணுக்குப் பார்க்குறதில்ல.

சர்வேயருங்களுக்கும் இது நல்லா தெரியும். புலப்படத்தை, அதான் எஃப்எம்பின்னு சொல்றோமே, அதை எடுத்துப் பாருங்க, நிலத்துக்குள்ள குறுக்க ஜி லைன்னு ஒரு அளவுக் கோடு ஓடும், அதுலேர்ந்து ஓரத்துக்கு பக்கத்துல அளவு போட்டிருப்பாங்க, மொத்த நிலத்தையும் முக்கோணம் முக்கோணமா பிரிச்சுத்தான் வெச்சிருப்பாங்க. ஆக அரசாங்கத்தோட ஒரு ஆபீஸ்ல குறுக்களவு இருக்கு, இன்னொரு ஆபீஸ்ல பதியுற பத்திரத்துல இல்ல. முழு சர்வே நம்பரையும் வாங்கினா புலப்படம் காப்பாத்தும், பிரச்சினை எப்ப வருதுன்னா ஒரு நம்பர்ல ஒரு துண்டை மட்டும் வெட்டி விக்கும்போது, உட்பிரிவு ஆகாம வெறும் டேப் அளவோட கைமாறும்போது. அப்ப பத்திரத்துல இருக்குற நாலு நம்பர்தான் எல்லாம்.

அடுத்து லாரி மணல், இப்ப எம்சாண்ட்னே வைங்க. யூனிட்டுங்கிறது 100 கன அடி. லாரி பாடிக்குள்ள நீளம் அகலம் உயரம் பெருக்கி நூறால வகுத்தா முடிஞ்சது, இதுக்கு மேல சூத்திரம் ஒண்ணும் இல்ல, ஆனா மூணு யூனிட்னு சொல்லி கொட்டிட்டுப் போற லாரியை எத்தனை பேர் அளக்குறோம்? உள்ள 12 அடி நீளம் 7 அடி அகலம்னா தரை 84 சதுரடி, ஒரு இஞ்ச் உயரத்துக்கு 7 கன அடி. மூணு யூனிட் வரணும்னா எல்லா இடத்துலயும் 3 அடி 7 இஞ்ச் நிக்கணும். 3 அடிதான் நின்னா அது 252, ரெண்டரை யூனிட். நடுவுல கோபுரமா குவிச்சு ஓரத்துல பள்ளமா இருக்கும், அதனால கொட்டுறதுக்கு முன்னாடியே கம்பியை நாலஞ்சு இடத்துல தரை தட்டுற வரைக்கும் குத்தி அந்த உயரத்தையெல்லாம் கூட்டி சராசரி எடுக்கணும், டிரைவர் முறைப்பார், முறைச்சுட்டுப் போகட்டும்.

ஈரமா வந்தா இன்னொரு கணக்கு இருக்கு. லேசா ஈரமான மணல் உப்பும், காய்ஞ்ச மணலைவிட அதிக இடத்தை அடைக்கும், நைஸ் மணல்னா ரொம்பவே. சைட்ல இதுக்கு ஒரு எளிய சோதனை உண்டு, ஒரு கண்ணாடி ஜாடியில ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, வெளிய கொட்டிட்டு, ஜாடியில பாதி தண்ணி விட்டு, அதே மணலைத் திரும்பப் போட்டு கம்பியால நல்லா கிளறி விட்டா படிஞ்சு கீழ இறங்கும். 16ல நின்னா நாலு சென்டிமீட்டர் உப்பல், நாலை 16ஆல வகுத்தா 25 சதவீதம். இருபதால வகுக்கக் கூடாது, ஏன்னா உண்மையான மணல் பதினாறுதான். அப்ப நாலு யூனிட் ஈர மணலுக்குக் காசு குடுத்தா ஒரு... இல்ல, கணக்கைப் போட்டே பாருங்களேன், 400ஐ 1.25ஆல வகுத்தா 320 கன அடி, முக்கால் யூனிட்டுக்கு மேல காத்துக்கும் ஈரத்துக்கும் போச்சு. கலவை போடும்போது பெட்டி கணக்குல மணல் அளக்குற இடத்துல இது இன்னும் மோசம், மணல் குறைஞ்சு கலவையோட விகிதமே மாறிடும்.

மரத்துல கதை அப்படியே திரும்பிடும். தேக்கு வெச்சிருக்குற விவசாயிங்களுக்கு இது தெரியும். டெப்போவுல உருட்டுக் கட்டையை அளக்கும்போது நடுச்சுத்தை நூல் புடிச்சு எடுத்து, அதை நாலால வகுத்து, அதையே அதால பெருக்கி, நீளத்தாலயும் பெருக்குவாங்க. சுத்து 48 இஞ்ச், நீளம் 10 அடின்னா கால் பங்கு 12 இஞ்ச், அதாவது ஒரு அடி, ஒண்ணுக்கு ஒண்ணு பத்து, ஆக 10 சிஎஃப்டி, அதாவது 10 கன அடி. போன் இல்லாமலே வந்துடுது, அதுக்காகத்தான் அந்த முறையே. ஆனா வட்டத்தோட உண்மையான கணக்கு போட்டா, சுத்தளவை சுத்தளவால பெருக்கி நாலு பையால (4π) வகுத்து நீளத்தால பெருக்கினா, 12.73 சிஎஃப்டி வரும். இந்த முறை எந்த உருண்டைக் கட்டையிலயும் நூத்துக்கு எழுபத்தெட்டரைதான் காட்டும். இங்க நஷ்டம் விக்குறவர் தலையில.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். அதே கட்டையை அறுத்து ஒரே சதுர உத்தரமா எடுத்தா 8.1 சிஎஃப்டிக்கு மேல தேறாது, மிச்சம் ஓரப் பலகை, பட்டை, மரத்தூள். அதனால பத்துங்கிறது ரெண்டுக்கும் நடுவுல நிக்குற ஒரு ஒப்பந்தம், ரொம்ப காலமா ஓடிக்கிட்டு இருக்கு, விலையும் அதுக்கேத்த மாதிரிதான் பேசுறாங்க. தப்பு எங்க நடக்குதுன்னா தோட்டத்துக்கு வர்ற ஆளு விலையை அறுத்த மரத்து சிஎஃப்டி மாதிரி ஆசை காட்டிப் பேசிட்டு, அளக்கும்போது இந்தக் கால்சுத்து முறையில அளந்து, அதுக்கு மேல பட்டைக்குன்னு ரெண்டு இஞ்ச், வளைவுக்குன்னு ஒரு இஞ்ச் கழிப்பார். சுத்துல மூணு இஞ்ச் கழிச்சா 48 போய் 45, பத்து சிஎஃப்டி 8.8 ஆயிடும், ஏன்னா சுத்து வர்க்கமா பெருகுது. மூணு இஞ்ச்தானேன்னு விவசாயி விட்டுடுறார், அது கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு.

கடைசியா வட்டி, இதுல யாரும் டேப் புடிக்க முடியாது அதனால ஏமாறுறது இன்னும் சுலபம். பைக் வாங்கப் போறீங்க, ஒரு லட்சம் கடன், வருஷத்துக்கு 12 சதவீதம், ரெண்டு வருஷம், ஃபிளாட் ரேட்னு சொல்றாங்க, அதாவது கடைசி வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி. வட்டி 24,000, மொத்தம் 1,24,000, மாசம் 5,167. கூட்டிப் பார்த்தா சரியா இருக்கும். ஆனா நீங்க மாசாமாசம் அசலையும் சேர்த்துத்தான் கட்டுறீங்க, கடைசி மாசம் உங்ககிட்ட இருக்குற அசல் 4,167 ரூபாதான், அதுக்கும் ஆயிரம் ரூபா வட்டி வாங்குறாங்க, ஒரு மாசத்துக்கு! அதே 12 சதவீதத்தை குறையுற பாக்கிக்கு மட்டும் போட்டா மாசத் தவணை 4,707, மொத்த வட்டி 13,000க்குக் கொஞ்சம் கம்மி. ஃபிளாட் 12 உண்மையில 21.5க்கு மேல. சுமாரா ஞாபகம் வெச்சுக்கணும்னா ரெண்டு மூணு வருஷக் கடனுக்கு ஃபிளாட் ரேட்டை 1.8ஆல பெருக்கிக்கங்க, பேங்க் வட்டியோட ஒப்பிட அது போதும். ரிசர்வ் பேங்க் 2024 அக்டோபர் 1லேர்ந்து பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி எல்லாம் தனிநபர்களுக்குக் குடுக்குற கடனுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த வருஷ சதவீதத்தை, ஏபிஆர்னு, ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும்னு சொல்லியிருக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேளுங்க, ஷோரூம் பையன் "அதெல்லாம் மெயில்ல வரும் சார்"னு சொல்வான், வரட்டும், பார்த்துட்டுப் போடலாம்.

தண்டல்காரர் அந்தத் தாள் எல்லாம் குடுக்க மாட்டார். பத்தாயிரம் கடன், ஆயிரம் முன்னாடியே புடிச்சுக்கிட்டு கையில 9,000, தினம் நூறு ரூபா, நூறு நாள். பூக்காரம்மா, டிபன் கடைக்காரங்க எல்லாரும் இதை "பத்து பர்சென்ட்"னுதான் சொல்றாங்க. பத்து பர்சென்ட்தான், ஆனா நூறு நாளைக்கு, அதுவும் முதல் நாளே திரும்பக் கட்ட ஆரம்பிச்சு, கையில இல்லாத ஆயிரத்துக்கும் சேர்த்து. வருஷக் கணக்குக்குக் கொண்டு வந்தா 77 சதவீதத்துக்கு மேல. அவசரத்துக்கு வேற யாரும் குடுக்காதப்போ அவங்க வாங்கத்தான் செய்வாங்க, அதை நான் குறை சொல்லல, ஆனா நகையை வெச்சு வாங்குறதா தண்டல் வாங்குறதான்னு முடிவு பண்றப்போ தண்டலோட பத்தையும் நகைக் கடனோட பன்னெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து பத்துதான் கம்மின்னு நினைக்கிறாங்க பாருங்க, அதுதான் வருத்தம்.

பள்ளிக்கூடத்தை குறை சொல்றது சுலபம், ஆனா டீச்சருங்க பாவம், புக்குல இருக்குறதை முடிக்கவே நேரம் பத்தல. நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஹெரான் சூத்திரம் நடத்துற அன்னைக்கு ஒரு பழைய பத்திர நகலை போர்டுல ஒட்டி, இதுல பரப்பு கண்டுபிடிக்க என்ன குறையுதுன்னு பசங்களைக் கேக்கலாம். முடிஞ்சா கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு கட்டையை சாய்ச்சு நட்டு டேப்பைக் கையில குடுக்கலாம். கூட்டு வட்டி பாடத்துல பைக் ஷோரூம் நோட்டீஸ் ஒண்ணு. நாலு பசங்களாவது வீட்டுல போய் அப்பாகிட்ட கேப்பாங்க.

உங்ககிட்ட கேக்குறது, ரியல் எஸ்டேட் விளம்பரம் வர்ற பக்கத்துலயே ஒரு ஓரமா இந்தக் குறுக்களவு கணக்கை ஒரு படத்தோட போடுங்க, விளம்பரதாரர் கோச்சுக்க மாட்டார், நல்லா லேஅவுட் போட்டவங்களுக்கு இதுல பயமே இல்ல. பதிவுத்துறைக்கும் சேர்த்து எழுதுறேன், நாலு பக்க அளவு எழுதுற இடத்துல அஞ்சாவதா "வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு இத்தனை அடி"ன்னு ஒரு வரி கட்டாயமாக்கினா போதும், புது ஆபீஸ் வேணாம், புது சாஃப்ட்வேர் வேணாம். ஏற்கெனவே அட்வான்ஸ் குடுத்து கிரயத்துக்கு நாள் பார்த்து வெச்சிருக்குறவங்க அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், நூறடி டேப் எந்தக் கடையிலயும் கிடைக்கும், ரெண்டு பேர் போய் மூலைக்கு மூலை புடிச்சுட்டு அந்த அளவை பத்திரம் எழுதுறவர்கிட்ட குடுத்து சேர்த்து எழுதச் சொல்லுங்க, எழுதக் கூடாதுன்னு யாரும் தடுக்கல.

இப்படிக்கு,
ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்,
துறையூர்.